நீலமுடிக்கு அவன் என்ன முறை?

சப்டைட்டில் படிக்கக் கண்ணாடியைத் துழாவுகிற வயதுக்கு நாமும் வந்துவிட்டோம். ஆகவே உங்களிடம் சொன்னால்தான் இது புரியும். கேபிள் வயர் மாடிக்கு மாடி துணிக்கொடி மாதிரித் தொங்கிய காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் நீங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போனால் இழவு வீடு மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். ஜப்பான்காரன் வரைந்த பொம்மைப் படத்தைத் தமிழில் பார்த்து வளர்ந்த முதல் செட்டு நாம்தான். நமக்கு அது கார்ட்டூன். அனிமே என்ற பெயரெல்லாம் பிறகு வந்தது.

அந்த ஆற்றுக் காவல் தொடரை இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கடைசிக்கு முந்தின எபிசோடின் கீழே சின்னப் பிள்ளைகள் உருகி உருகி எழுதியிருந்தார்கள். அழுதுவிட்டேன், உடம்பு சிலிர்த்தது, இதுபோல் இன்னொன்று வராது. எனக்குப் பொறுக்கவில்லை. 'மட்டமான எபிசோடு. பாதி நேரம் பழைய காட்சி, மீதி நேரம் ஒப்பாரி' என்று எழுதிவிட்டேன். உடனே ஒரு பொடியன், 'ஆன்ட்டி, முழுசாப் பாத்துட்டுப் பேசுங்க' என்று பதில் போட்டான்.

பார்ப்பதாவது! அந்த எபிசோடுக்கு நாங்கள் டப்பிங்கே பேசியிருக்கிறோம், தம்பி. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சே நின்றுபோயிருக்கிறது.

அந்தக் கோடை லீவில் எனக்குப் பன்னிரண்டு வயது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிப் போயாகிவிட்டது. திறந்துவிட்ட தண்ணீரும் வற்றி, கோச்சடைப் பக்கம் வைகையில் மறுபடி மணலும் கோரையும்தான் கிடந்தன. டிவியில் மட்டும் ஆறு கரைபுரண்டு ஓடியது. கதை ரொம்பச் சின்னது. ஓர் ஊர், ஒரு பெரிய ஆறு, ஆற்றுக்குள் ஒரு மிருகம், அது ஊருக்குள் ஏறிவிடாமல் காக்கிற ஒரு படை. படையில் நீலக் கூந்தலோடு ஒரு பெண். அவளுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்த, கன்னத்தில் தழும்புள்ள ஒருவன். ஜப்பான் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் அவள் நீலமுடி, அவன் தழும்பன்.

திங்கட்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். பார்க்கிற கூட்டம் மூன்று பேர். நான், பெரியப்பா மகனான அண்ணன், எதிர்வீட்டு டெய்லர் மகள். எங்கள் வீட்டு டிவிக்கு முதுகு புடைத்திருக்கும். அணைத்த கையோடு கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் எழுந்து நின்று சடசடக்கும். ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் உறை, அதன்மேல் ரப்பர் பேண்டு. பட்டனில் எழுதியிருந்ததெல்லாம் அழிந்து, சத்தம் கூட்டுகிற பட்டனில் மட்டும் ஒரு குழி விழுந்திருந்தது. அந்த ரிமோட் எந்தப் பழைய இரும்புக்காரனோடு போனதோ தெரியவில்லை. இன்று நினைத்தாலும் கட்டைவிரலில் அந்தக் குழி தட்டுப்படுகிறது.

நான்காவதாக ஓர் ஆள் உண்டு. சித்தி. அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போனபிறகு எங்களோடு வந்துவிட்டவள். ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பொம்மைப் படமெல்லாம் நான் பார்ப்பதில்லை என்று சாதிப்பாள். ஆனால் திங்கட்கிழமை சரியாக ஆறு மணிக்கு, மறுநாள் போட வேண்டிய சுடிதாரைத் தேய்க்க டிவிக்குப் பக்கத்திலிருக்கிற பிளக்கைத்தான் தேடி வருவாள். ஒரே சுடிதாரை அரைமணி நேரம் தேய்க்கிற ஆளை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

சித்திக்கு அந்த வருஷம் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம், சொந்தத்துக்குள் சொந்தம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அப்பா, பெண்ணுக்குத் தகப்பன் ஸ்தானம் தனக்குத்தான் என்று ஓடியாடிப் பேசி முடித்தார். பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி. சித்தியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். அம்மா சோறு வடித்துக்கொண்டே, "என்னடி, சரிதான?" என்றாள். சித்தி வாயைத் திறப்பதற்குள் கஞ்சி வடிந்து முடிந்து, பேச்சு அப்பளத்துக்குப் போய்விட்டது.

இனி அந்த எபிசோடு. மழை கொட்டுகிறது. ஆறு ஊர்மதில்வரை ஏறிவிட்டது. தழும்பன் தனியாகத் தண்ணீரில் இறங்கப் போகிறான். கோட்டைக் கழற்றுகிறான், கழற்றுகிறான், கழற்றிக்கொண்டே இருக்கிறான். அதுவரைக்கும் அந்த மிருகம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி மரியாதையாகக் காத்திருக்கிறது. நடுநடுவே பழைய எபிசோடுகளிலிருந்து வெட்டி ஒட்டியவை. அதே கொக்கு அதே நிலாவைத் திரும்பத் திரும்பத் தாண்டுகிறது. கடைசியில் நீலமுடி கரையில் மண்டியிட்டாள். வாய் மூடியபிறகும் வசனம் நிற்காத அந்த டப்பிங் தமிழில் கதறினாள்.

"அண்ணா! செல்லாதீர்கள் அண்ணா! நான் தங்களை உயிருக்குயிராகக் காதலிக்கிறேன் அண்ணா!"

டெய்லர் மகள் "அய்யே!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தலையணையைத் தூக்கி டிவிமேல் எறிந்தான். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்ன கருமத்தப் பாக்குறீக? அண்ணனயா காதலிக்கிறா? நாளைக்கே கேபிளப் புடுங்கச் சொல்றேன் பாரு."

இத்தனை களேபரத்தில் சித்தியை யாரும் கவனிக்கவில்லை. பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். பச்சைச் சுடிதாரில் அயர்ன் பாக்ஸ் முக்கோணமாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள், அந்த வயதில் அது சோறு இறங்காத விஷயம்தான். என்னிடம் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, தொடர் முழுக்க அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு, முறையில்லாமல் எப்படிக் காதலிக்கலாம்? இரண்டாவது அதைவிடப் பெரிசு. அவளும் நீச்சல் படித்தவள், ஈட்டி பிடித்தவள். அவள் ஏன் இறங்காமல் கரையில் உட்கார்ந்து அழுகிறாள்? முதலாவதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இரண்டாவது நானே கண்டுபிடித்தது, அதில் எனக்குப் பெருமை.

மறுநாள் படம் புள்ளிபுள்ளியாக வருகிறதென்று வயரைப் பார்க்கக் கேபிள் அண்ணே வந்தார். கேபிளும் அவருடையது, எங்கள் ஏரியாவுக்குள் மட்டும் தெரிகிற உள்ளூர் சேனலும் அவருடையது. பிறந்தநாள் வாழ்த்து, பாத்திரக்கடை விளம்பரம், காணாமல் போன ஆட்டுக்குட்டி அறிவிப்பு எல்லாம் அவர் குரலில்தான் வரும். தெருவுக்கே அவர் அண்ணே. நம்மூரில்தான் கண்டக்டரும் அண்ணே, காய்க்காரரும் அண்ணே, கடன் கேட்டு வருகிறவரும் அண்ணே ஆயிற்றே. சித்திக்கும் அவர் அண்ணேதான். வாசலில் அந்தச் சொல் கேட்டுவிட்டால் போதும், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.

நான் அவரை மாடிப்படியிலேயே மடக்கினேன். "அண்ணே, நேத்து எபிசோடு பாத்தீகளா?"

"பாத்தேன் பாப்பா. கொடுமை. ஆனா தப்பு படம் எடுத்தவய்ங்க மேல இல்ல. அவுக ஊர்ல வேற என்னத்தையோ சொல்லிருப்பாக. தமிழ்ல பேசுனவய்ங்கதான் அண்ணான்னு போட்டு வச்சிருக்காய்ங்க."

சித்தி டீ கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே, "அண்ணேன்னு கூப்பிட்டா அண்ணனாயிருவாகளாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் டம்ளரை வாங்காமல் நின்றார். "ஆக மாட்டாகதான்" என்றார் பிறகு.

டீ ஆறுகிறதே என்பதுதான் அன்று என் கவலை. அதைவிட அவசரமான ஒன்றும் என் வாயில் துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப மாத்திப் பேசிற வேண்டியதுதானண்ணே?"

"யாரு பேசுறது?"

"நாங்கதான்."

சிரித்துத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சித்தியை ஒருமுறை பார்த்துவிட்டு, "மறு ஒளிபரப்பக் கேசட்டுல புடிச்சு வச்சிருக்கேன். மத்தியானம் மில்லு நிக்கிற நேரத்துல வாங்க. பேசிருவோம்" என்றார். அவருடைய சேனல் அறை ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. மில் ஓடினால் மைக், மேசை, பல் எல்லாம் சேர்ந்து ஆடும்.

பேசுவதென்று முடிவானதும் பெரிய வில்லங்கம் முளைத்தது. அண்ணா என்பதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதைப் போடுவது? சார் என்று போட்டால் டியூஷன் வாத்தியார் மாதிரி இருந்தது. அத்தான் என்றால் கறுப்பு வெள்ளைப் படம். மச்சான் என்று சித்தி எங்கள் அப்பாவைக் கூப்பிடுகிறாள், அது கூடாது. பேர் சொல்லலாம் என்றால் பேர் வாயில் நுழையவில்லை. மொட்டை மாடியில் காய்ந்த வடகத்துக்குக் காக்கா விரட்டிக்கொண்டே யோசித்து, கடைசியில் 'மாமா' என்று தீர்ப்பானது. நம் பக்கத்தில் முறைக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. 'அண்ணா' தாழ்ப்பாள் என்றால் 'மாமா' திறவுகோல்.

சரி, யார் யாரை மாமா என்பது? தழும்பனாக அண்ணன் பேசுவதாக இருந்தான். நான் நீலமுடியாகப் பேச முடியாது, அவன் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். விளையாட்டுக்குக்கூட அவனை மாமா என்றால் நாக்கு அழுகிவிடும் என்று அம்மா சொல்வாள். டெய்லர் மகள், "எங்கய்யா கேட்டா கத்திரிக்கோலால நாக்க வெட்டிருவாரு" என்று ஓடிப்போய்விட்டாள். சித்தியைக் கேட்கலாம் என்றால், சித்திக்கு அவன் மகன் முறை. ஒரு பொம்மைப் படத்துக்கு டப்பிங் பேச ஆள் கிடைக்காமல், முறை பார்த்தே நொந்துபோனவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

நான் விடுவதாக இல்லை. அண்ணனை எடுத்துவிட்டால் என்ன? அவனுக்கு மிருகத்தின் உறுமலைக் கொடுத்தேன். தழும்பன் கேபிள் அண்ணே. நீலமுடி சித்தி. சித்தி முடியவே முடியாது என்றாள். நான் மூன்று நாள் அவள் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் அம்மாவிடமே போய்க் கேட்டேன். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"போயிட்டு வாங்களேன். அவதான் அந்தத் தம்பிய வாய் நெறைய அண்ணே அண்ணேங்கிறாளே. கூடப் பொறந்தவன் மாதிரி. கொடைய எடுத்துட்டுப் போங்க."

அம்மா கெட்டிக்காரி. வாழைத்தண்டை அமுக்கிப் பார்த்தே நார் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவளே ஒரு சொல்லை நம்பி ஏமாந்தாள் என்றால் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும்.

சேனல் அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. காற்றில் மிளகாய்த் தூள். கீழே அன்று காலையில் யாரோ மூட்டைக்கணக்கில் வற்றல் அரைத்திருந்தார்கள். பெரும் சண்டைக் காட்சியில் மிருகம் உறுமுவதற்குப் பதில் அடுக்கடுக்காகத் தும்மியது. அதை அழிக்கவில்லை, மிருகத்துக்குச் சளி என்று வைத்துக்கொண்டோம். கேபிள் அண்ணே ஆடியோ வயரைப் பிடுங்கி, மைக் வயரைச் செருகி, கையைக் காட்டினார்.

சித்தி அழகாகப் பேசினாள். அந்த ஒரு சொல் வரைக்கும்தான். "போகாதீங்க..." என்று ஆரம்பித்து, "அண்ணே" என்று முடித்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுபடி. மறுபடியும் அண்ணே. பழக்கதோஷம் என்று அண்ணன் சொன்னான். மில் மறுபடி ஓட ஆரம்பிக்கிற நேரம் நெருங்கியது. எனக்குக் கோபம் வந்தது.

"சித்தி, நீ என்ன, அவள மாதிரியே கரையிலயே நிக்கிற?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். படத்தைப் பார்க்கவில்லை. நான் எழுதிச் சொல்லிக்கொடுத்த வசனத்தைக் கத்தாமல், கடைக்குப் போகிறவரிடம் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"போறதுன்னா போங்க மாமா. பின்னாடியே நானும் வாரேன். என்னய விட்டுட்டுப் போயிரலாம்னு மட்டும் நெனைக்காதீங்க."

அடுத்தது தழும்பன் பேச வேண்டும். கேபிள் அண்ணே பேசவில்லை. படம் பாட்டுக்கு ஓடியது, தழும்பன் வாயை அசைத்துக்கொண்டே தண்ணீருக்குள் போய்விட்டான். "அண்ணே, ஒங்க டயலாக்கு!" என்று நான் அவர் தோளைக் குலுக்கினேன். சித்தி என்னமாய் நடிக்கிறாள், மனுஷன் பிரமித்துப்போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன். திரும்பி வரும்போது சித்தி எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக்கொடுத்தாள். அந்த வெயிலில் வழியெல்லாம் குடையை விரிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிறந்தநாள் வாழ்த்து முடிந்ததும் எங்கள் எபிசோடு. அன்றைக்கென்று பார்த்து, பூ வைக்க நாள் குறிக்கச் சோழவந்தான்காரர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவர் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர். வாழைநாரில் கட்டிய வெற்றிலைக்கட்டை நடு வீட்டில் வைத்ததும் வீடே கொடிக்கால் வாசம் அடித்தது. நான் டிவியைப் போடலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு நின்றேன். அப்பாதான், "நம்ம பாப்பா டிவில பேசிருக்கு, பாருங்க" என்று பெருமையாகச் சொல்லி, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

உறுமல் வந்தது, தும்மல் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். நீலமுடி வாயைத் திறந்தாள். சித்தியின் குரல் வீட்டை நிறைத்தது. "போறதுன்னா போங்க மாமா. பின்னாடியே நானும் வாரேன்."

"பேசுறது நம்ம பொண்ணா?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். "மாமாங்கிறது யாரத்தா?"

"கேபிள் அண்ணேய!" என்றேன் நான்.

"அண்ணேங்கிற, மாமாங்கிற. எது நெசம்?"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அது உறுத்தியது. விருந்தாளிகளுக்கு முன்னால் சின்னக் கறைகூட ஒட்டக் கூடாது அவருக்கு. டீத்தட்டோடு நின்ற சித்தியிடம், "சும்மா வெளாட்டுக்குப் பேசுனது. ஒனக்கு அவன் அண்ணந்தானம்மா? நீயே சொல்லிரு" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். பேச்சு முடிந்து, நாள் குறித்து, அந்த ஆவணியில் சித்தி சோழவந்தானுக்குப் போயிருப்பாள். வருஷக்கணக்காகத் தினமும் வாசலில் நின்று சொன்ன சொல்தான். சித்தி தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்ல மச்சான். இனிமே அந்தச் சொல்லு என் வாயில வராது."

டிவியில் கொக்கு நிலாவைத் தாண்டிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "பூ வைக்கிறதுக்கு முந்தியே சொன்னியே, நல்லாயிரு தாயி" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அந்தம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும். வெற்றிலைக்கட்டைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. அது அங்கேயே கிடந்து வாடிப் பழுத்தது.

சாயங்காலம் கேபிள் அண்ணே வந்தார். வாசற்படி ஏறவில்லை. தெருவில் நின்று, "அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் பேசணும்" என்றார்.

"யாருக்கு யாருடா அண்ணே?" என்றார் அப்பா. "நீ யாரு, நாங்க யாரு?" டிப்போவிலிருந்து கொண்டுவந்திருந்த கட்டிங் பிளேயரை எடுத்துப்போய், மாடியிலிருந்து தொங்கிய வயரைத் தானே வெட்டி, சுருட்டி, அவர் காலடியில் போட்டார். அந்த வயரோடு எங்கள் ஆறும் போயிற்று. கடைசி எபிசோடு மறுநாள். நான் பார்க்கவில்லை. எனக்காக டெய்லர் மகளும் பார்க்கவில்லை, அதுதான் நட்பு.

சித்தி அழவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது சொந்தக்காரர்கள் கதை சொல்லும்போது அழுதுகொண்டே போனாள் என்கிறார்கள். பொசுங்கிய பச்சைச் சுடிதாரில் ஒரு துண்டு வைத்துத் தைத்து, அதையே போட்டுக்கொண்டு, ஒத்தக்கடையில் பெண்கள் விடுதி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு கல்லூரி ஆபீசில் வேலை வாங்கினாள். பெரியவர்கள் சம்மதிக்கட்டும் என்று வருஷம் முழுக்கக் காத்திருந்தாள். அசையவில்லை என்றதும் பதிவு பண்ணிக் கட்டிக்கொண்டார்கள். கேபிள் அண்ணே எனக்குச் சித்தப்பா ஆனார். அம்மா மட்டும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒத்தக்கடை வழியாகப் போகிற மேலூர் பஸ் ஏறி அடிக்கடி பார்த்துவிட்டு வருவாள்.

அப்பா வெகுகாலம் ஒரே பாட்டைப் பாடினார். "அந்தப் பொம்மப் படந்தான் புள்ளயக் கெடுத்துச்சு." நான் ஒவ்வொரு முறையும் மறுத்துப் பேசினேன், அடி வாங்கிய அன்றும் பேசினேன். படம் என்ன செய்யும்? ஒரு பெண்ணுக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து வாய்ப்பூட்டு போட்டிருந்தார்கள். நாங்கள் ஒரு மைக் கொடுத்தோம். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை. அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பிறகு என்ன, காலம் போனது. என் கல்யாணத்துக்குச் சித்தி வந்தாள், சித்தப்பாவும் வந்தார். அம்மா போனபோது முன்னால் நின்று எல்லாக் காரியமும் பார்த்தது சித்தப்பாதான். வீட்டுக்கு வந்தவரை வராதே என்று அப்பா சொன்னதில்லை. ஆனால் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மனைவியின் தங்கை புருஷன், சகலை. நம் பக்கத்தில் சகலைகள் சேர்ந்தால் வீடு தாங்காது. அப்பாவோ, "வந்தவருக்குத் தண்ணி குடு", "அவுக சாப்பிட்டாகளான்னு கேளு" என்று என் மூலமாகவே இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டார். சித்தப்பாவும் அப்பாவை அன்றோடு அண்ணே என்று கூப்பிடவில்லை. சித்தி மட்டும் புருஷனைத் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி 'மாமா' என்று கூப்பிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒத்தக்கடைக்குப் போனேன். சித்தி வீட்டுப் பெரிய டிவியில் அந்த எபிசோடைப் போட்டேன், ஜப்பான் குரலில், எழுத்து ஓட. நீலமுடி கரையில் மண்டியிட்டாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தேன். அவள் அண்ணா என்று சொல்லவே இல்லை. வெட்டி ஒட்டிய பழைய காட்சிகளிலும் சொல்லவில்லை. 'தலைவரே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளைகள் பார்க்கிற படம், வயசுப் பெண் ஓர் ஆம்பளையை வேறெப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்து, தமிழில் யாரோ ஒரு நல்ல மனுஷர் அண்ணாவைப் போட்டுவிட்டார். நம் அம்மா அப்பா மாதிரியே அவரும் அந்தச் சொல்லை நம்பியிருக்கிறார்.

"அந்த மகராசன் மட்டும் ஒழுங்காப் பேசிருந்தா எனக்குக் கல்யாணமே ஆயிருக்காது" என்றார் சித்தப்பா. சித்தி அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

எங்கள் கேசட் இல்லை. மாவு மில்லை இடித்தபோது அதுவும் போய்விட்டது. அதனால் கடைசி எபிசோடை, இத்தனை வருஷம் கழித்து, முதல்முறையாகப் பார்த்தோம். உங்களுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் மட்டம்தான். தழும்பன் மிருகத்தைக் கொன்று, தானே நீந்தி, தானே கரையேறுகிறான். நீலமுடி கடைசிவரை தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை. எங்கள் டப்பிங்தான் சரி, யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அப்பா எப்போதும்போல் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், இப்போதே எழுந்து போய்விடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். காது மந்தமாகிவிட்டது அவருக்கு. பார்க்கிறாரா, தூங்குகிறாரா என்று தெரியாமல் இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியை முன்னால் நகர்த்தியிருக்கிறார், நாங்கள் கவனிக்கவில்லை.

"ஏத்தா, என்ன இவ, இம்புட்டு நேரமும் கரையிலயே நிக்கிறா?" என்றார் என்னிடம். "அன்னைக்குப் பின்னாடியே நானும் வாரேன்னு சொன்னாளே?"

சித்தி திரும்பிப் பார்த்தாள். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணுங் கேக்க மாட்டேங்குது. சகல, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க."

சித்தப்பா ரிமோட்டைக் கையில் எடுத்தார். வாழ்நாள் முழுக்க டிவியோடு பிழைத்த மனிதருக்குச் சத்தம் கூட்டுகிற பட்டன் எது என்று தெரியவில்லை.